பெட்டிக்குள் அடுக்கிய காற்று

காஷ்மீரிலுள்ள குல்மர்குக்குக் கிளம்ப இரண்டு நாள் இருந்தது. என் அக்கா மகளின் கட்டிலே தெரியாத அளவுக்குத் துணி குவிந்து கிடந்தது. மூன்று தடித்த ஸ்வெட்டர்கள், இரண்டு ஜீன்ஸ், ஏழெட்டுப் பருத்திப் பனியன்கள், ஒரு டஜன் சாக்ஸ், குரங்குக் குல்லா, யாரோ பரிசாகக் கொடுத்த கம்பளிச் சால்வை. கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்தவள். மலை என்று அவள் போனதெல்லாம் ஊட்டியும் வால்பாறையும்தான். இப்போது பனிச்சறுக்குப் பழக இரண்டு வாரப் பயிற்சிக்குப் போகிறாள்.

"இது போதுமுங்களா மாமா?" என்று கேட்டாள்.

"போதும் கண்ணு. ஆனா இதுல பாதிய வெளிய எடுத்துரலாம்" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. குளிர் கூடினால் துணியும் கூட வேண்டும் என்பதுதானே எல்லோரும் போடும் கணக்கு. அந்தக் கணக்கு எங்கே தப்புகிறது என்று அன்று கட்டிலோரம் உட்கார்ந்து அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஸ்வெட்டர். அதற்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. அந்த வெப்பம் வெளியேறும் வேகத்தைக் குறைப்பது மட்டுமே துணியின் வேலை. எதிர்த்திசையிலும் அது அதே வேலையைச் செய்யும். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதி ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டிகளை ஃபிரெடரிக் டியூடர் மரத்தூளில் பொதித்துக் கப்பலேற்றினார். மாதக்கணக்கில் வெயில் காயும் கடல்களைக் கடந்து சென்னைக்கு வந்த அந்தக் கட்டிகளைச் சேமிக்க 1842இல் எழுப்பிய கட்டடம்தான், இன்று மெரினாவுக்கு எதிரே விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ். மரத்தூள் கட்டியைக் குளிர்விக்கவில்லை. வெளிவெப்பம் உள்ளே போவதைத் தாமதப்படுத்தியது, அவ்வளவுதான்.

மரத்தூள், கம்பளி, வாத்திறகு மூன்றும் செய்வது ஒன்றையே: காற்றை அசையவிடாமல் பிடித்து வைப்பது. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். தண்ணீர் அதைப்போல ஏறக்குறைய 24 மடங்கு வேகமாகக் கடத்தும். ஆனால் காற்றை அதன் போக்கில் விட்டால் நிற்காது. சூடான பகுதி மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும், அந்தச் சுழற்சியிலேயே வெப்பம் போய்விடும். இழைகள் குறுக்கே நின்று அந்தச் சுழற்சியைத் தடுக்கின்றன. ஸ்வெட்டர் வாங்கும்போது நாம் விலை கொடுப்பது நூலுக்கு. நம்மைக் காப்பது நூலுக்கு நடுவே காற்று தங்கும் இடம். மூன்று ஸ்வெட்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்து, மேலே இறுக்கமான ஜாக்கெட்டையும் மாட்டினால் அந்த இடம் நசுங்கிப்போகும். எடை மூன்று மடங்கு கூடும், கதகதப்பு அப்படிக் கூடாது. அவள் அடுக்கியதில் இரண்டு ஸ்வெட்டர்கள் வெளியே போயின.

உடையின் காப்பை அளக்க ஓர் அலகு உண்டு: கிளோ. 1941இல் காகி, பர்ட்டன், பாசெட் என்ற மூன்று உடலியல் ஆய்வாளர்கள் முன்மொழிந்தது. 21 டிகிரி செல்சியஸ் அறையில், காற்றோட்டம் அதிகமில்லாத இடத்தில், சும்மா உட்கார்ந்திருப்பவர் சௌகரியமாக உணரத் தேவையான உடைதான் ஒரு கிளோ. கோட்டும் சூட்டும் போட்ட அலுவலகக்காரரை நினைத்துக்கொள்ளலாம். இந்த வரையறையில் எனக்கு முக்கியமாகப் படும் சொல் 'சும்மா' என்பது. அதே ஆள் மேடேறத் தொடங்கினால் உடல் வெளிவிடும் வெப்பம் நான்கைந்து மடங்காகும். தசை எரிக்கும் ஆற்றலில் கால்வாசிகூட இயக்கமாக மாறுவதில்லை, மீதியெல்லாம் வெப்பம். பத்து நிமிடத்துக்கு முன் தேவைப்பட்ட உடை இப்போது சுமை.

பனிச்சறுக்கின் சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. புதிதாகப் பழகுபவருக்குப் பாதி நேரம் ஏற்றம். காலில் நீண்ட பலகைகளோடு பக்கவாட்டில் ஓரோர் அடியாக மேடேற வேண்டும். விழ வேண்டும், எழ வேண்டும். பிறகு வரிசையில் நின்று தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். உடல் ஒரு முறை அடுப்பு, மறுமுறை அணைந்த அடுப்பு. இந்த இரண்டு நிலைக்கும் பொருந்தும் ஒரே உடை உலகத்தில் இல்லை. கழற்றவும் மாட்டவும் வசதியாகப் பல மெல்லிய அடுக்குகளாக உடுத்தச் சொல்வது அதனால்தான்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே பட்டுத் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன், குல்மர்கில் முதல் நாள். பருத்திப் பனியன், அதன்மேல் சட்டை, அதற்கும் மேல் தடித்த கோட்டு. ஒரு மணி நேரம் மேடேறியதில் முதுகு நனைந்தது. வெயில் இருந்தது, குளிரே தெரியவில்லை. பிறகு ஒரு மேகம் வந்து சூரியனை மறைத்தது. எங்கள் குழு நின்று பாடம் கேட்டுக்கொண்டிருந்த கால் மணி நேரத்தில் என் உடல் நடுங்க ஆரம்பித்தது. தாடையை நிறுத்த முடியவில்லை. வெளியிலிருந்து ஒரு துளிப் பனி உள்ளே வரவில்லை. என்னை நனைத்தது என் வியர்வை.

ஒரு லிட்டர் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். சும்மா இருக்கும் உடல் ஆறரை மணி நேரத்துக்கு மேலாக வெளிவிடும் மொத்த வெப்பம் அது. பனியனில் தங்குவது கால் லிட்டர்தான் என்றாலும், அது காயக் கேட்கும் விலையில் பெரும்பகுதியை உடல்தான் கட்ட வேண்டும். சித்திரை வெயிலில் இதே ஏற்பாடு நம்மைக் காப்பாற்றுகிறது. திருப்பூர்ப் பனியன் வியர்வையை உறிஞ்சி மெல்ல ஆறவிடுவதால்தான் நம் ஊருக்கு அதைவிடப் பொருத்தமான துணி இல்லை என்று நான் சொல்வேன். பனிமலையில் அதே குணம் ஆபத்தாகிறது. பனியன்கள் எல்லாம் வெளியே போயின. ஜீன்ஸும் பருத்தியே. பனியில் முழங்கால் ஊன்றி எழுந்தால் ஈரமேறும், பிறகு விறைத்துப் பலகைபோல் ஆகும்.

இங்கே அவள் ஒரு நல்ல கேள்வி கேட்டாள். "கம்பளியும் ஈரத்த உறிஞ்சும்தானுங்க மாமா?" உறிஞ்சும். பருத்தியைவிட அதிகமாகவே உறிஞ்சும். 65 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றில் வைத்தால் பருத்தி தன் எடையில் எட்டரை விழுக்காட்டையும், கம்பளி சுமார் 16 விழுக்காட்டையும் நீராக ஏற்கும். பாலியெஸ்டர் அரை விழுக்காடுகூட ஏற்காது. அப்படியானால் கம்பளிதானே மோசமாக இருக்க வேண்டும்?

வேறுபாடு நீர் எங்கே தங்குகிறது என்பதில் இருக்கிறது. கம்பளி இழையின் மேற்புறம் மீன் செதில்போல அடுக்கானது, கொழுப்புப் பூச்சுள்ளது. நீர்த்துளி அதில் எளிதில் ஒட்டாது. நீராவி மட்டும் செதில்களின் இடுக்கு வழியே உள்ளே புகுந்து இழையின் உட்புறத்தில் கட்டுண்டு கிடக்கும். கை வைத்துப் பார்த்தால் ஈரம் தெரியாது. அப்படி நீராவியை ஏற்கும்போது கம்பளி சிறிதளவு வெப்பத்தை வெளிவிடவும் செய்கிறது. அதோடு, கம்பளி இழை இயல்பிலேயே சுருள் சுருளானது. நனைந்தாலும் அந்தச் சுருள் முழுதாக அடங்காது, காற்றறைகள் தாக்குப்பிடிக்கும். பருத்தி நனைந்தால் இழை ஊறித் துவண்டு தோலோடு ஒட்டிக்கொள்ளும். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்துவிடும். அந்த 24 மடங்கு அங்கே வேலையைக் காட்டும். பாலியெஸ்டர் தெர்மல் இன்னொரு வழியில் தப்பிக்கிறது. அது நீரைக் குடிக்காமல் இழைகளின் இடுக்கு வழியே வெளிப்பக்கம் கடத்திவிட்டுச் சீக்கிரம் காயும். விலை குறைவு, நாற்றம் அதிகம். இரண்டு வாரம் தங்குபவருக்கு நான் மெல்லிய மெரினோ கம்பளியையே சொல்வேன்.

கம்பளி குத்துமே என்பது அடுத்த ஆட்சேபணை. குத்துவது இழையின் தடிமனைப் பொறுத்தது. தோலில் முட்டும் இழைநுனி வளைந்துகொடுத்தால் நமக்கு உணர்வே இருக்காது. வளையாமல் ஊன்றினால் குத்தும். மெல்லிய குச்சி வளைய எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பது அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. விட்டம் இரட்டித்தால் விறைப்பு 16 மடங்கு. மெரினோ இழை 17 முதல் 20 மைக்ரான், முரட்டுக் கம்பளி 30க்கு மேல். லடாக்கின் சாங்தாங் மேட்டுநில ஆடுகள் தரும் பஷ்மினாவோ 15 மைக்ரானுக்கும் கீழே. காஷ்மீர்ச் சால்வை கன்னத்தில் படும்போது தெரியும் அந்த மென்மை இந்த நான்காம் அடுக்கின் வேலை.

உள்ளடுக்குக்கு மேலே காற்றைச் சிறைப்பிடிக்கும் நடு அடுக்கு. ஃபிளீஸ் எனப்படும் பஞ்சுபோன்ற பாலியெஸ்டர் துணி போதும். கடுங்குளிருக்கு இறகு அடைத்த ஜாக்கெட். இதில் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. ஜார்ஜ் ஃபின்ச், ஆஸ்திரேலியாவில் பிறந்த வேதியியலர். 1922ஆம் ஆண்டு பிரிட்டிஷ் எவரெஸ்ட் குழுவில் இருந்தார். உடன் வந்தவர்கள் கம்பளி, பட்டு, பருத்தி அடுக்குகளின் மேல் காபர்டைன் உடுத்தியிருந்தபோது, ஃபின்ச் தாமே வடிவமைத்த கோட்டோடு வந்தார்: பலூன் செய்யும் காற்றுப்புகாத் துணி, உள்ளே ஐடர் வாத்தின் மென்னிறகு. பார்க்க விசித்திரமாக இருந்ததால் கேலிக்கு ஆளானார். குளிர் ஏற ஏறக் கேலி அடங்கியது. அந்த ஆண்டு மே 27 அன்று அவரும் ஜெஃப்ரி புரூஸும் ஆக்சிஜன் உருளைகளோடு 8,300 மீட்டருக்கு மேல் ஏறினார்கள். அதுவரை மனிதர் கால் எட்டிய அதிக உயரம் அது. இன்று எவரெஸ்டில் ஏறும் ஒவ்வொருவரும் உடுத்துவது ஃபின்ச்சின் கோட்டின் வழித்தோன்றலைத்தான். 1952 முதல் 1957 வரை அவர் புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்துக்கு இயக்குநராக இருந்தார் என்பதை நம் பாடநூல்கள் ஏன் சொல்வதில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

இறகின் பலம், ஒரு கைப்பிடி எடை பெரிய அளவு காற்றைப் பிடித்து வைப்பது. பலவீனம் ஈரம். நனைந்த இறகு கோழிக்குஞ்சு மழையில் நனைந்ததுபோல ஒட்டிச் சுருங்கிவிடும். நாள் முழுக்க விழுந்தெழும் மாணவிக்கு இறகைவிடச் செயற்கை இழை அடைத்த ஜாக்கெட் நல்லது. நனைந்தாலும் அது ஓரளவு உப்பலாகவே இருக்கும்.

கடைசி அடுக்குக்குக் கதகதப்பே தேவையில்லை. காற்றையும் பனியையும் தடுத்தால் போதும். ஆனால் உள்ளிருக்கும் நீராவியை வெளியே விட வேண்டும். ஒன்றை மறித்து இன்னொன்றை விடும் அந்தத் துணிக்கு வழி திறந்தது 1969இல். டெஃப்லான் என்று நாமறிந்த பொருளின் சூடேற்றிய தண்டுகளை மெதுவாக இழுத்து நீட்ட முயன்று தோற்றுக்கொண்டிருந்த பாப் கோர், வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தார். தண்டு உடையவில்லை, பல மடங்கு நீண்டது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடித் துளைகள் உண்டாகியிருந்தன. ஒவ்வொன்றும் நீர்த்துளிக்கு மிகமிகச் சிறியது, நீராவி மூலக்கூறுக்கு மிகப் பெரியது. அதுதான் கோர்டெக்ஸ். இன்று வேறு பல நிறுவனங்களும் இத்தகைய துணிகளை விற்கின்றன. விலைச்சீட்டில் 10,000 மில்லிமீட்டர் என்றிருந்தால், 10 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தை அந்தத் துணி தாங்கும் என்று பொருள். பனியில் முழங்காலும் பிட்டமும் ஊன்றுபவருக்கு அதற்குக் குறைந்தது வேண்டாம். ஆனால் எவ்வளவு நல்ல துணியும், மேடேறும் உடலின் வியர்வை அளவுக்கு ஈடுகொடுக்காது. அக்குளில் ஜிப் உள்ள ஜாக்கெட்டைத் தேடி வாங்கச் சொன்னேன். மேடேறத் தொடங்குவதற்கு முன்பே ஜிப்பைத் திறக்க வேண்டும், வியர்த்த பிறகு அல்ல.

இந்தத் துணிகளின் நீர்விலக்கும் பூச்சுகளில் பல, ஃபுளோரின் சேர்ந்த வேதிப்பொருள்கள். இயற்கையில் அவை எளிதில் சிதைவதில்லை. பலகைக்கு அடியில் தேய்க்கும் ஃபுளோரின் மெழுகைச் சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2023–24 பருவத்திலிருந்து போட்டிகளில் தடைசெய்துவிட்டது. ஃபுளோரின் இல்லாத பூச்சுள்ள ஜாக்கெட் கிடைக்கும்போது அதையே வாங்குங்கள். நாம் சறுக்கும் பனி உருகி யாரோ ஒருவரின் குடிநீராகப் போகிறது.

காற்றுத் தடுப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? உடலை ஒட்டி எப்போதும் ஒரு மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப் படலம் இருக்கும். காற்றடித்தால் அது பிய்த்துக்கொண்டு போய்விடும். 1940ஐ ஒட்டி அண்டார்க்டிகாவில் பால் சைப்பலும் சார்லஸ் பாசலும் ஒரு சிறு பிளாஸ்டிக் உருளையில் நீரை நிரப்பிக் காற்றில் தொங்கவிட்டு, அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார்கள். காற்றுக்குளிர் என்ற கணக்கு அங்கே பிறந்தது. 2001இல் அமெரிக்காவும் கனடாவும் திருத்திய சூத்திரத்தின்படி, மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 20போல. சறுக்குபவருக்குக் காற்று அடிக்கவே வேண்டாம். 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் அவரே காற்றை உண்டாக்கிக்கொள்கிறார்.

குல்மர்க் புல்வெளி சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கோண்டோலா என்னும் கம்பிவட ஊர்தி காங்டூரி வழியாக அஃபர்வத் மலைத்தோளில் ஏறக்குறைய 3,980 மீட்டருக்கு ஏற்றிவிடும். ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்று கணக்கிட்டால், கீழே மைனஸ் 5 என்றால் மேலே மைனஸ் 13க்கும் கீழே. டிசம்பர் 21இல் தொடங்கும் சில்லை கலான் என்னும் நாற்பது நாள் கடுங்குளிரில்தான் அவள் அங்கே இருக்கப்போகிறாள். பெட்டியை அடுக்கும்போது மனத்தில் நிற்க வேண்டியது விடுதி இருக்கும் இடமல்ல, கோண்டோலா இறக்கிவிடும் இடம்.

கைகால்களுக்கு வருவோம். உடல் குளிர்ந்தால், இதயத்தையும் மூளையையும் காக்க விரல்களுக்குப் போகும் இரத்தத்தை மூளை குறைத்துவிடும். மெலிந்த விரலுக்குப் பருமனைவிடப் பரப்பு அதிகம், சூட்டைச் சீக்கிரம் இழக்கும். நான்கு விரலும் ஒரே பையில் சேர்ந்திருக்கும் உறை, தனித்தனி விரலுறையைவிடக் கதகதப்பாக இருப்பது அதனால்தான். இரண்டு ஜோடி வேண்டும், ஒன்று நனையும். சாக்ஸ் விஷயத்தில் எல்லோரும் தவறுகிறார்கள்: குளிருக்குப் பயந்து இரண்டு மூன்று போடுகிறார்கள். ஸ்கீ பூட்ஸ் கெட்டிப் பிளாஸ்டிக், விரியாது. உள்ளே திணித்த சாக்ஸ் காற்றையும் நசுக்கும், இரத்தக் குழாயையும் நசுக்கும். முழங்காலுக்குக் கீழ்வரை வரும் மெல்லிய கம்பளி சாக்ஸ் ஒன்றே ஒன்று. அதில் ஒரு சுருக்கமும் இருக்கக் கூடாது. தெர்மல் பேன்ட்டின் நுனியையும் பூட்ஸுக்குள் விடக் கூடாது.

உடல் வெப்பத்தில் பாதி தலை வழியாகப் போய்விடும் என்று சொல்வார்கள். அது உண்மையில்லை. தலையை மட்டும் திறந்துவிட்டு மற்ற இடத்தையெல்லாம் மூடி எடுத்த பழைய அமெரிக்க ராணுவச் சோதனைகளிலிருந்து வந்த தப்பெண்ணம் அது. உடல் பரப்பில் தலையின் பங்கு எவ்வளவோ, வெப்ப இழப்பிலும் ஏறத்தாழ அவ்வளவே: பத்தில் ஒரு பங்குதான். குல்லா வேண்டும், ஹெல்மெட் கட்டாயம் வேண்டும். ஹெல்மெட்டை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். குரங்குக் குல்லா ஹெல்மெட்டுக்குள் அடங்காது. அதற்குப் பதில் கழுத்தில் மாட்டி மூக்குவரை இழுத்துவிடும் துணிக்குழாய் ஒன்று.

கண்ணை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். புதுப்பனி, தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடுவரை திருப்பி அனுப்பும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் அந்தக் கதிர் 10 விழுக்காட்டுக்கு மேல் கூடும். மேலிருந்தும் கீழிருந்தும் தாக்குதல். அதில் கண்ணின் மேற்படலம் வெந்துபோகும். வலி உடனே தெரியாது, மாலையில்தான் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் தொடங்கும். ஆர்க்டிக்கின் இனுவிட் மக்கள் எலும்பிலும் மரத்திலும் மெல்லிய கீறல் மட்டும் வைத்த கண்மூடிகளைச் செய்து இதைத் தடுத்தார்கள். இன்று நமக்குக் காகிள்ஸ். சன்ஸ்கிரீனை மோவாய்க்கு அடியிலும் மூக்குக்குக் கீழேயும் தடவ வேண்டும். வெயில் அங்கே கீழிருந்து வரும்.

வழியில் தங்மர்கில் நீளக் கோட்டுகளும் ரப்பர் பூட்ஸும் வாடகைக்குக் கிடைக்கும். பனியைப் பார்த்துப் படமெடுத்துத் திரும்புபவருக்கு அவை நல்ல உதவி. சறுக்குபவருக்கு அவை உதவாது. காலில் தடுக்கும், பனியை வாரி இழுக்கும், வியர்வையை அடைக்கும். உள்ளூர்க்காரர்களின் ஃபெரனைப் பார்த்தால் அவளுக்கும் ஆசை வரும் என்று தெரியும். கணுக்கால்வரை தொளதொளவென்று தொங்கும் அந்தக் கம்பளி அங்கிக்குள் கைகளையும் இழுத்துக்கொண்டு, பிரம்பு பின்னிய மண்சட்டியில் கரிக்கனல் நிரப்பிய காங்ரியை உள்ளே வைத்துக்கொள்வார்கள். முழு உடம்புக்கும் ஒரு கூடாரம், நடுவே ஓர் அடுப்பு. அசையாமல் அமர்ந்திருப்பவருக்கு இதைவிட அறிவான உடையை நான் கண்டதில்லை. சறுக்கி முடித்த மாலைக்கு ஒன்று வாங்கிக்கொள் என்று சொன்னேன். நெருப்பைத் தோலோடு ஒட்டி ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால் தோலில் புற்று வரும் என்பதை மருத்துவர்கள் நெடுங்காலமாக எச்சரிக்கிறார்கள், காங்ரி வேண்டாம்.

ஒரு மணி நேரத்துக்குப் பின் பட்டியலில் மிஞ்சியது இவ்வளவு: மெரினோ உள்ளாடை மேலும் கீழுமாக இரண்டு செட், ஃபிளீஸ் ஒன்று, செயற்கை இழை ஜாக்கெட் ஒன்று, நீர்புகா ஜாக்கெட்டும் பேன்ட்டும், கையுறை இரண்டு, சாக்ஸ் நான்கு, சில்லறைச் சாமான்கள். இதில் பாதி இனிமேல்தான் வாங்க வேண்டும். சால்வையையும் வைத்துக்கொள்ள அனுமதித்தேன், விடுதிக்கு.

"ரெண்டே செட்டுங்களா? பதினாலு நாளைக்கு?" என்றாள்.

தினமும் ராத்திரி ஒன்றை வெதுவெதுப்பான நீரில் அலசிப் பிழிந்து, விடுதி அறையின் புகாரி அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கவிடச் சொன்னேன். அடுப்புமேலே அல்ல, ஒரு கை தள்ளி. பூட்ஸுக்குள் இருக்கும் மெத்தையுறையையும் மறக்காமல் வெளியே உருவி அதே கயிற்றில் மாட்ட வேண்டும். பகலெல்லாம் பாதம் விட்ட ஈரம் அதில் இருக்கும்.